நன்மை வாங்கும் முன் பாவசங்கீர்த்தனம்

கத்தோலிக்கத் திருச்சபையில் நற்கருணையும் பாவசங்கீர்த்தனமும் இரு தனி அருளடையாளங்கள் (கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் வழியாக இறையருளைத் தருபவை என்று திருச்சபை நம்பும் ஏழினுள் இரண்டு, பழைய நூல்களில் இவற்றின் பெயர் தேவதிரவிய அனுமானம்). முன்னதில் அப்ப இரச வடிவில் கிறிஸ்துவே உணவாக வருகிறார் என்பது நம்பிக்கை. பின்னதில், திருமுழுக்குக்குப் பின் செய்த பாவங்களை ஒருவர் குருவானவரிடம் அறிக்கையிட்டு, அவர் வாயிலாக இறைமன்னிப்பைப் பெறுகிறார். இன்றைய வழிபாட்டு நூல்கள் இதனை ஒப்புரவு அருளடையாளம் என்றே குறிக்கின்றன. ஆயினும் பங்கு மக்களின் பேச்சில் பாவசங்கீர்த்தனம் என்ற சொல் இன்னும் உயிரோடிருக்கிறது, நற்கருணை உட்கொள்வதை நன்மை வாங்குதல் என்று சொல்லும் வழக்கமும் அவ்வாறே.

ஒன்றன் வாசலில் மற்றொன்று நிற்கிறது என்னும் எண்ணம் இரண்டு வகையான பிழைக்கு இடம் கொடுத்துள்ளது. ஒவ்வொரு முறை நன்மை வாங்கும் முன்னும் பாவசங்கீர்த்தனம் செய்தே ஆகவேண்டும் என்று நம்பி, அது கைகூடாத ஞாயிறுகளில் இருக்கையை விட்டு எழாமலே இருந்துவிடுபவர்கள் ஒருபுறம். எந்நிலையில் இருந்தாலும் வரிசையில் போய் நிற்பதே திருப்பலியில் பங்கேற்பது என்று கொண்டு, பாவசங்கீர்த்தனத்தையே மறந்துவிட்டவர்கள் மறுபுறம். திருச்சபை உண்மையில் கற்பிப்பது முதல் சாரார் அஞ்சுவதை விட மிகக் குறைவானது, இரண்டாம் சாரார் எண்ணுவதை விட மிகக் கண்டிப்பானது. இவ்விரண்டும் ஒரே வாக்கியத்துக்குள் அடங்கியிருப்பதால்தான் அவ்வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

அவ்வாக்கியம் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 916ஆம் பிரிவில் உள்ளது. கனமான பாவம் தம்மிடம் உள்ளதென உணர்ந்திருப்பவர், முதலில் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் திருப்பலி நிறைவேற்றவோ ஆண்டவரின் திருவுடலை உட்கொள்ளவோ கூடாது. கனமான காரணம் இருந்து, பாவசங்கீர்த்தனம் செய்ய வாய்ப்பும் இல்லாதபோது, கூடிய விரைவில் அதைச் செய்வதென்ற உறுதியையும் உள்ளடக்கிய உத்தம மனஸ்தாபத்தோடு அவர் அணுகலாம் என்பது அதன் சாரம். திருப்பலி நிறைவேற்றுபவர் இங்கே முதலில் குறிக்கப்படுவதைக் கவனிக்க வேண்டும். பலிபீடத்துக்கு முன் நிற்கும் மக்களை மட்டும் அளக்கும் கோலன்று இது. பீடத்துக்குப் பின் நிற்கும் குருவானவரையும் அதே கோல் அளக்கிறது.

கனமான பாவம் என்பதையே மறைக்கல்வி நூல்கள் சாவான பாவம் என்கின்றன. ஆன்மாவில் உள்ள இறையுயிரைச் சாகடிப்பது என்பது பொருள். ஒரு செயல் சாவான பாவமாவதற்கு மூன்று கூறுகள் ஒருங்கே அமைய வேண்டும் என்று 1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி விளக்குகிறது: செய்யப்பட்டது கனமானதாக இருக்க வேண்டும், அது கனமானதென்ற முழு அறிவு இருக்க வேண்டும், மனம் முழுமையாக இசைந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆவதில்லை. அன்றாட வாழ்வில் நேரும் பொறுமையின்மை, சிறு பொய், வேண்டுதலில் கவனச் சிதறல் போன்றவை அற்பப் பாவங்கள். இவை இறையன்பைத் தளர்த்துமேயன்றி அறுக்கமாட்டா. இவற்றோடு நன்மை வாங்க வருவதற்குத் தடையில்லை என்பது மட்டுமன்று, தகுந்த மனநிலையோடு வாங்கப்படும் நற்கருணையே இவற்றைத் துடைத்துவிடுகிறது என்பதும் அதே மறைக்கல்வியின் போதனை. ஆகவே ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்தவர், அதன்பின் சாவான பாவம் எதையும் செய்யாதவரை, வாரந்தோறுமோ நாள்தோறுமோ நன்மை வாங்கலாம். அற்பப் பாவங்களையும் அறிக்கையிடுவதைத் திருச்சபை வலியுறுத்திப் பரிந்துரைக்கிறது. ஆனால் நன்மை வாங்க அது நிபந்தனையன்று.

உணர்ந்திருப்பவர் என்ற சொல்லின் எடை பலருக்குத் தெரிவதில்லை. செய்தது சாவான பாவமா, மனம் முழுமையாக இசைந்ததா என்று உண்மையிலேயே ஐயுறுபவரை இவ்விதி தடுப்பதில்லை, ஏனெனில் ஐயம் வேறு, உணர்தல் வேறு. பாவசங்கீர்த்தனத்தில் ஒரு சாவான பாவத்தை வேண்டுமென்றே மறைக்காமல் மறதியால் சொல்லாமல் விட்டவருக்கு அதுவும் மன்னிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். பின்னர் நினைவுக்கு வந்தால் அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும், அதுவரை நற்கருணையிலிருந்து விலகி நிற்க வேண்டியதில்லை. மனம் நொந்து மீண்டும் மீண்டும் தம்மையே குற்றஞ்சாட்டிக்கொள்ளும் மென்மனத்தாருக்கு இந்த நுணுக்கங்கள் மருந்து போன்றவை; அறநெறி இறையியலில் தலைமை ஆசிரியராக மதிக்கப்படும் புனித அல்போன்சு லிகோரி (1696–1787) தாமே இத்தகைய மனவேதனையால் வருந்தியவர்.

மறுபக்கத்தில், திருப்பலியின் தொடக்கத்தில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கை பாவசங்கீர்த்தனத்துக்கு ஈடாகாது. அதன் முடிவில் குருவானவர் சொல்லும் மன்னிப்பு வேண்டல், ஒப்புரவு அருளடையாளத்தின் ஆற்றல் உடையதன்று என்று திருப்பலி நூலின் பொது அறிமுகமே தெளிவாக்குகிறது. அந்தச் சில நொடிகளோடு எல்லாம் தீர்ந்தது என்று எண்ணுவோர் மிகுதியாதலால், இதைப் பங்குகளில் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் தகும்.

இவ்விதியின் வேர் கொரிந்து நகரில் இருக்கிறது. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரம், தகுதியின்றி அப்பத்தை உண்பவர் ஆண்டவரின் உடலுக்கு எதிராகக் குற்றம் செய்கிறார் என்றும், ஒவ்வொருவரும் தம்மைச் சோதித்தறிந்த பின்னரே உண்ண வேண்டும் என்றும் எச்சரிக்கிறது. ஆண்டவரின் விருந்துக்காகக் கூடியபோது வசதி படைத்தோர் தம் உணவை முந்தி உண்டு மயங்க, இல்லாதோர் பசியோடு இருந்தனர் என்பதே அந்த எச்சரிக்கையின் பின்னணி. தகுதியின்மை என்ற சொல் முதன்முதலில் எழுந்தது பசித்திருந்த சகோதரனைப் பாராத பந்தியைப் பற்றி என்பதை, ஆத்தும சோதனையைத் தனிமனிதத் தூய்மையோடு நிறுத்திக்கொள்ளும் வழிகாட்டிகள் மறந்துவிடுகின்றன, அது பெருங்குறை. பவுல் அவ்விடத்தில் குருவிடம் அறிக்கையிடுவதைப் பற்றிப் பேசவில்லை என்பதும் உண்மையே. சோதித்தறிதலிலிருந்து அறிக்கையிடுதலுக்குத் திருச்சபை வந்து சேர்ந்தது மரபின் வழியாக. திருத்தூதர்களின் போதனை என்னும் பொருளில் திதாக்கே எனப்படும் மிகத் தொன்மையான சிறுநூல், ஆண்டவரின் நாளில் அப்பம் பிட்கும் முன் குற்றங்களை அறிக்கையிடுமாறும், சகோதரனோடு பிணங்கியிருப்பவர் ஒப்புரவாகும் வரை கூட்டத்தில் சேர வேண்டாம் என்றும் பணிக்கிறது.

முதல் நூற்றாண்டுகளில் இந்த ஒழுங்கு நினைத்துப் பார்க்கவே கடினமான அளவுக்குக் கடுமையாக இருந்தது. மறைமறுப்பு, கொலை, விபசாரம் ஆகியவற்றில் வீழ்ந்தவர்கள் தவம் புரிவோர் என்னும் தனி அணியில் சேர்க்கப்பட்டு, நற்கருணைப் பகுதிக்கு முன்பே வெளியே அனுப்பப்பட்டு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து ஆயரின் கைகளால் மீண்டும் பந்திக்குச் சேர்க்கப்பட்டனர்; அதுவும் வாழ்நாளில் ஒரே ஒருமுறை. உரோமைப் பேரரசர் தேசியுஸ் 250இல் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டுமென்று ஆணையிட்டபோது, அஞ்சிப் பலியிட்டவர்களும், பலியிட்டதாகப் பொய்ச்சான்று வாங்கிக்கொண்டவர்களும் துன்பம் ஓய்ந்ததும் உடனே நற்கருணைக்குத் திரும்ப முயன்றனர். தவமும் ஒப்புரவும் முந்த வேண்டும் என்று கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் உறுதியாக நின்றார். 390இல் தெசலோனிக்காவில் மக்கள் படுகொலை செய்யப்படக் காரணமான பேரரசர் தெயோதோசியுஸ் தவம் புரியும் வரை, அவர் முன்னிலையில் பலி ஒப்புக்கொடுக்க இயலாது என்று மிலான் ஆயர் அம்புரோசு எழுதினார். பேரரசரும் பணிந்து தவம் புரிந்தார். இத்தனை கடுமைக்கு நடுவிலும், சாகும் தறுவாயில் இருப்பவருக்கு வழியுணவாகிய நற்கருணையை மறுக்கலாகாது என்று 325இல் கூடிய நைசேயா பொதுச்சங்கம் தன் 13ஆம் விதியில் கட்டளையிட்டது குறிப்பிடத்தக்கது.

ஒரே ஒருமுறை என்ற அந்த ஒழுங்கு, பலர் தவத்தையே மரணப்படுக்கை வரை தள்ளிப்போடும் நிலைக்கு இட்டுச்சென்றது. அதை உடைத்தவர்கள் அயர்லாந்துத் துறவிகள். எத்தனை முறை வேண்டுமானாலும், தனிமையில், குருவின் காதில் அறிக்கையிட்டு, பாவத்துக்கேற்ற அபராதத்தைப் பெறும் வழக்கத்தை அவர்கள் ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். ஸ்பெயினில் 589இல் கூடிய தொலேதோ சங்கம் இதனை வெறுத்துக் கண்டித்தது என்பதை அறியும்போது, இன்று பழமையின் அடையாளமாகக் கருதப்படும் தனிப் பாவசங்கீர்த்தனம் ஒருகாலத்தில் வரம்பற்ற புதுமையாகத் தோன்றியது விளங்கும். 1215இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், பகுத்தறியும் வயதை எட்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்கு காலத்தில் நன்மை வாங்க வேண்டும் என்று விதித்தது. ஆண்டுக்கு ஒரு நன்மை, அதற்கு முன் ஒரு பாவசங்கீர்த்தனம் என்று இரண்டும் பல நூற்றாண்டுகள் இணைந்தே நடந்ததால், ஒவ்வொரு நன்மைக்கும் ஒரு பாவசங்கீர்த்தனம் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் ஊறியிருக்கக் கூடும்.

சாவான பாவத்தில் இருப்பவர் நன்மை வாங்கும் முன் அறிக்கையிட்டே ஆகவேண்டுமா, மனம் வருந்தினால் போதாதா என்ற கேள்வி பதினாறாம் நூற்றாண்டில் கூர்மையடைந்தது. கேட்டவர்கள் எதிர்த்தரப்பினரான சீர்திருத்தவாதிகள் மட்டுமல்லர்: 1518இல் ஆக்ஸ்பர்க்கில் மார்ட்டின் லூத்தரை விசாரித்த கர்தினால் கயெத்தானே, உண்மையான மனத்துயர் இருந்தால் பாவசங்கீர்த்தனத்தைப் பின்னர் செய்தாலும் போதும் என்ற கருத்துடையவர். அவர் 1534இல் காலமானார். 1551 அக்டோபர் 11 அன்று திரெந்து பொதுச்சங்கம் தன் 13ஆம் அமர்வில் இதற்குத் தீர்ப்பளித்தது. சாவான பாவத்தை உணர்ந்திருப்பவர், தாம் எவ்வளவு மனத்துயர் கொண்டிருப்பதாகக் கருதினாலும், பாவசங்கீர்த்தனம் கேட்கும் குரு கிடைக்கும்போது, அதைச் செய்யாமல் அணுகக் கூடாது என்று அது விதித்தது. நம்பிக்கை மட்டுமே போதிய ஆயத்தம் என்போரைச் சாபத்துக்குரியோர் என்றது. பாவசங்கீர்த்தனம் பற்றிய விதியை எதிர்த்துப் போதிப்போருக்கோ சபைநீக்கத் தண்டனையை மட்டும் வைத்தது. தம் ஆசிரியர்களுள் ஒருவரான கயெத்தானைத் தப்பறை போதித்தவராக்க அச்சங்கம் விரும்பவில்லை என்பதை இந்த வேறுபாட்டில் காணலாம். அறிக்கையிட வேண்டிய இக்கடமை இறைச்சட்டமா, திருச்சபைச் சட்டமா என்று இறையியலார் பின்னரும் வாதிட்டனர்.

குரு கிடைக்கும்போது என்ற அந்தத் தொடர்தான் விதியின் அச்சாணி. கிடைக்காதபோது நிற்பது உத்தம மனஸ்தாபம்: தண்டனைக்கு அஞ்சியோ பாவத்தின் அருவருப்பாலோ மட்டும் வருந்தாமல், எல்லாவற்றுக்கும் மேலாக அன்பு செய்யப்பட வேண்டிய இறைவனை நோகச் செய்ததற்காக வருந்துதல். இத்தகைய மனத்துயர், கூடிய விரைவில் அறிக்கையிடும் உறுதியோடு சேர்ந்திருந்தால், சாவான பாவங்களுக்கும் மன்னிப்பைப் பெற்றுத்தரும் என்பது திருச்சபையின் போதனை. எனினும் நன்மை வாங்க அது மட்டும் போதாது, கனமான காரணமும் வாய்ப்பின்மையும் சேர வேண்டும். பங்கு மக்கள் காத்திருக்கத் திருப்பலி நிறைவேற்றியாக வேண்டிய தனிக் குரு, விலகி நின்றால் பெயர் கெடும் நிலையில் இருப்பவர், சாவை எதிர்நோக்குபவர் ஆகியோரைச் சட்ட அறிஞர் எடுத்துக்காட்டுவர்.

அச்சாணி கழன்றுபோன இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஜப்பானை விட உருக்கமான சான்று இல்லை. அங்குக் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டு, குருக்கள் கொல்லப்பட்டும் துரத்தப்பட்டும் இல்லாதொழிந்த பின், கியூஷூத் தீவின் மறைந்து வாழ்ந்த விசுவாசிகள் ‘கொஞ்சிரிசான் நோ ரியாக்கு’ என்னும் சிறுநூலைக் கையால் எழுதி எழுதித் தலைமுறைகளுக்குக் கடத்தினர். கொஞ்சிரிசான் என்பது மனத்துயரைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லின் ஜப்பானிய உச்சரிப்பு; குருவின்றி மன்னிப்புப் பெறும் வகையில் உத்தம மனஸ்தாபப்படுவது எப்படி என்பதே 1603இல் உருவான அந்நூலின் பொருள். நற்கருணையும் இல்லை, பாவசங்கீர்த்தனமும் இல்லை. ஏங்கும் உறுதி மட்டும் இருந்தது. 1865 மார்ச் 17 அன்று நாகசாகியின் ஓவுரா கோவிலில் அவர்களுட்சிலர் பிரெஞ்சுக் குரு பெத்தித்ஜானிடம் தங்களை வெளிப்படுத்தியபோது, அந்த ஏக்கம் இரு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்டதாகியிருந்தது.

தமிழ் மண்ணிலும் இப்பொருளுக்கு ஆழமான தடம் உண்டு. 1530களில் திருமுழுக்குப் பெற்ற முத்துக்குளித்துறை மக்களிடையே உழைத்த போர்த்துகீசிய இயேசுசபைக் குரு என்றிக்கே என்றிக்கசு, 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ் நூல் அச்சேறிய இரண்டே ஆண்டுகளில், 1580இல், கொச்சியில் ‘கொம்பெசியொனாயரு’ என்னும் நூலை வெளியிட்டார். பாவசங்கீர்த்தனத்துக்கு ஒருவர் தம்மை ஆயத்தப்படுத்துவதைக் கற்பிக்கும் நூல் அது. தமிழ் எழுத்தில் அச்சான மிகத் தொன்மையான நூல்களுள் ஒன்று தன்னைத்தானே சோதித்தறிவதைப் பற்றியது என்பது அச்சு வரலாற்றில் ஒரு வரியாகக் கடந்துபோகத் தக்கதன்று. பவுல் கொரிந்தியரிடம் கேட்டதைத்தான் அது கடலோரத் தமிழில் கேட்கக் கற்றுக்கொடுத்தது.

நற்கருணையைத் தகுதியுள்ளோர்க்கான பரிசாக மாற்றிய காலமும் ஒன்று இருந்தது. 1643இல் அந்துவான் அர்னோ அடிக்கடி நன்மை வாங்குவதைப் பற்றி எழுதிய பிரெஞ்சு நூல் யான்செனியம் எனப்படும் கடும்போக்கின் கொடியாகி, நீண்ட தவமும் ஏறக்குறைய குறையற்ற தூய்மையும் இல்லாதவர் விலகி நிற்பதே மரியாதை என்ற மனப்பான்மையைப் பரப்பியது. திருத்தந்தை பத்தாம் பயஸ் காலத்தில் 1905 டிசம்பர் 20 அன்று வெளியான ஆணை அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: அருள்நிலையும் (பழைய மறைக்கல்வியில் தேவ இஷ்டப்பிரசாத நிலை, அதாவது சாவான பாவமின்மை) நேரிய நோக்கமும் இருந்தால் நாள்தோறும் நன்மை வாங்க யாருக்கும் தடையில்லை. 1910 ஆகஸ்டு 8 அன்று வந்த மற்றோர் ஆணை ஏறத்தாழ ஏழு வயதுக் குழந்தைகளுக்கும் புதுநன்மையை, அதாவது முதன்முறை நன்மை வாங்குவதை, திறந்துவிட்டது. புதுநன்மைக்கு முன் முதல் பாவசங்கீர்த்தனம் என்ற வரிசையைச் சில நாடுகளில் மாற்றிப் பார்த்தனர். 1973இல் உரோமை அம்முயற்சிகளை நிறுத்தச் சொன்னது, திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 914ஆம் பிரிவும் அவ்வரிசையையே உறுதிசெய்கிறது. குழந்தைக்குச் சாவான பாவம் இருக்கும் என்ற ஐயத்தால் அன்று. மன்னிப்புக் கேட்கும் பழக்கமும் விருந்துக்கு வரும் பழக்கமும் ஒன்றாக வளர வேண்டும் என்பதால். அச்சத்தைப் புகுத்தாமல் இதைச் செய்வது மறைக்கல்வி ஆசிரியரின் பொறுப்பு.

மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்துகொண்டோர் பற்றிய நெடிய விவாதமும் அடிப்படையில் இதே விதியைச் சார்ந்தது, ஏனெனில் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புப் பெறப் பாவத்தை விட்டுவிடும் உறுதி தேவை. 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அவர்கள் தம்பதியராக வாழாமல் இருக்க உறுதிகொண்டாலன்றி அம்மன்னிப்பைப் பெற இயலாது என்றார். 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ், பொறுப்பைக் குறைக்கும் சூழல்களைத் தேர்ந்தறிந்து, சில வேளைகளில் அருளடையாளங்களின் துணையும் கிட்டலாம் என்று ஓர் அடிக்குறிப்பில் இடம்கொடுத்தார். அறிவும் இசைவும் குறைந்தால் பாவத்தின் எடையும் குறையும் என்னும் பழைய போதனையே இங்கும் பேசுகிறது. அதன் எல்லை எதுவரை என்பதில்தான் ஆயர்கள் வேறுபட்டனர்.

இவ்விதியைப் பற்றிய பேச்செல்லாம் நன்மை வாங்குபவரின் கடமையோடு நின்றுவிடுவது நேர்மையன்று. வாய்ப்பு இருக்கும்போது அறிக்கையிட வேண்டும் என்று திருச்சபை கட்டளையிடுமானால், வாய்ப்பைத் தருவதும் அதன் கடமையாகிறது. 986ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: ஆன்மாக்களின் பொறுப்பை ஏற்றிருப்போர், தம் மக்கள் நியாயமாகக் கேட்கும்போது பாவசங்கீர்த்தனம் கேட்கவும், அவர்களுக்கு வசதியான நாள்களையும் நேரங்களையும் ஏற்படுத்தவும் கடமைப்பட்டவர்கள். சாவின் ஆபத்தில் இருப்பவருக்கோ, அதிகாரம் பெறாத குருவும் செல்லத்தக்க வகையில் மன்னிப்பளிக்கலாம் என்று 976ஆம் பிரிவு கதவை அகலத் திறக்கிறது. சனிக்கிழமை மாலையில் அரைமணி நேரம் மட்டும் குரு அமரும் பங்கில், அவ்வேளையில் கடையிலோ மருத்துவமனையிலோ பணியில் இருக்கும் ஒருவர் ஆண்டுக்கணக்கில் நன்மை வாங்காமல் போனால், அப்பொறுப்பை அவர் மேல் மட்டும் சுமத்த இயலாது. 2002இல் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட ‘இறைவனின் இரக்கம்’ என்னும் மடல், திருப்பலி தொடங்கும் முன்பும், வேறு குருக்கள் இருப்பின் திருப்பலி நடந்துகொண்டிருக்கும்போதும்கூடப் பாவசங்கீர்த்தனம் கேட்க அமருமாறு குருக்களை ஊக்குவித்தது. அவ்வாறு ஒரு குரு கோவிலின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் இடங்களில், பீடத்தில் வாசகம் ஒலித்துக்கொண்டிருக்க, கடைசி இருக்கையிலிருந்து ஒருவர் எழுந்து அங்கே சென்று முழந்தாளிட்டு, நற்கருணை வேளைக்குள் திரும்பிவந்து வரிசையில் சேர்ந்துகொள்கிறார்.